பிள்ளைக்காக என்ன வேண்டிக்கொள்கிறீர்கள்?



சந்நிதியில் நின்று கண்ணை மூடியதும் உங்கள் மனதில் முதலில் வருவது யாருடைய முகம்? உங்கள் முகமாக இருக்காது. பிள்ளையின் முகமாகத்தான் இருக்கும். 'இவனுக்கு நல்ல படிப்பைக் கொடு, இவளுக்கு நல்ல புத்தியைக் கொடு' என்று கேட்ட பிறகுதான் நமக்கு வேண்டியதைக் கேட்போம். அதற்குள் 'நகருங்க... நகருங்க' என்று வரிசை நம்மைத் தள்ளிக்கொண்டு போய்விடும்!

நான் திருச்செந்தூர்வாசி. தமிழாசிரியையாக 34 வருடம் வேலை பார்த்து, 2012-ல் ஓய்வு பெற்றவள். இப்போது தினமும் காலையில் கோயிலுக்குப் போவதுதான் என் வேலை. 2025 ஜூலை 7-ம் தேதி நடந்த கும்பாபிஷேகத்தையும் கண்ணாரப் பார்க்கும் பாக்கியத்தைக் கந்தன் கொடுத்தான்.

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கோயிலில் நீங்கள் பார்க்க வேண்டுமே! அர்ச்சனைத் தட்டில் தேங்காய், பழம், வெற்றிலைக்கு நடுவே பேனாவும் ஹால் டிக்கெட்டும் இருக்கும். பன்னீர் இலையில் கிடைத்த விபூதியைப் பிள்ளையின் நெற்றியில் பூசிவிட்டு, மீதியை ஜியாமெட்ரி பாக்ஸில் பத்திரப்படுத்தும் தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ராத்திரி முழுக்கப் பயணம் செய்து வந்து நிற்கிறார்கள்.

அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் என் மனதில் ஒரு கேள்வி எழும். பிள்ளைக்காக நாம் செய்யும் வேண்டுதல் உண்மையில் யாருக்காக? அதைவிட முக்கியம்... அதை நிறைவேற்ற வேண்டியவர் யார்?

இதற்கு எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்வதற்கு முன்னால், உங்களை ஒரு ரயில் பயணத்துக்கு அழைத்துப் போகிறேன்.

ஒரே பாதையில் இரண்டு பிள்ளைகள்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு ரயிலில் வந்திருக்கிறீர்களா? தாமிரபரணிக் கரையோரத்து வயல்களையும் வாழைத் தோட்டங்களையும் பார்த்துக்கொண்டே வரலாம். பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர் தாண்டினால் ஸ்ரீவைகுண்டம் வரும். அதற்கு அடுத்த ஸ்டேஷன் ஆழ்வார்திருநகரி. பிறகு நாசரேத், குரும்பூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் என்று கடந்தால் நம் செந்தூர்.

அடுத்தடுத்து இருக்கிற இந்த ஸ்ரீவைகுண்டத்திலும் ஆழ்வார்திருநகரியிலும் பிறந்த இரண்டு குழந்தைகளைப் பற்றி நம் முன்னோர்கள் ஒரே மாதிரி ஒரு விஷயம் சொல்லி வைத்திருக்கிறார்கள். இரண்டு பேருமே பேசாத பிள்ளைகள்!

ஆழ்வார்திருநகரியின் பழைய பெயர் திருக்குருகூர். அங்கே காரியார், உடையநங்கை தம்பதிக்குப் பிறந்த குழந்தை அழவில்லை, பால் குடிக்கவில்லை. பெற்றவர்கள் அந்தக் குழந்தையை ஆதிநாதர் கோயிலில் விட்டார்கள். அங்கே புளியமரத்தடியில் 16 வருடம் அது கண்மூடி மௌனமாகவே இருந்தது. அந்தப் பிள்ளைதான் பின்னாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாசுரங்கள் கொண்ட திருவாய்மொழியைத் தந்த நம்மாழ்வார். 'உறங்காப்புளி' என்ற அந்த மரத்தை இன்றும் பக்தர்கள் சுற்றி வருகிறார்கள்.

ஸ்ரீவைகுண்டத்துப் பிள்ளை குமரகுருபரர். 17-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். சண்முகசிகாமணிக் கவிராயர், சிவகாமி அம்மையார் தம்பதியின் மகன். அப்பா கவிராயர், பிள்ளைக்கோ 5 வயது வரை பேச்சே வரவில்லை! ஊரார் என்னவெல்லாம் பேசியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். பெற்றவர்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு திருச்செந்தூருக்கு வந்தார்கள். கடலில் நீராடி, விரதம் இருந்து, சந்நிதியே கதி என்று கிடந்தார்கள். ஒருநாள் முருகனே அர்ச்சகர் வடிவில் வந்து, கையிலிருந்த பூவைக் காட்டி, 'இது என்ன?' என்று குழந்தையிடம் கேட்டானாம். 'பூ' என்ற சொல்லையே முதலாக வைத்து அந்தக் குழந்தை பாடத் தொடங்கியது. அதுதான் கந்தர் கலிவெண்பா!

பிற்காலத்தில் இவர் காசிக்குப் போய் மடம் கண்டார். கல்விக்காகச் சரஸ்வதி பூஜையன்று உங்கள் வீட்டில் பிள்ளைகள் சொல்கிறார்களே சகலகலாவல்லி மாலை... அதைப் பாடியவரும் இவர்தான். 5 வயது வரை பேசாத பிள்ளை பாடியதைத்தான், நம் பிள்ளைக்கு நன்றாகப் படிப்பு வர வேண்டும் என்று நாம் சொல்ல வைக்கிறோம்.

இந்தக் கதையை வருடா வருடம் வகுப்பில் உருகி உருகிச் சொன்னவள் நான். ஆனால்... நான் அதைச் சொல்லிக்கொண்டிருந்த ஒருநாள், வகுப்புக்கு வெளியே வராந்தாவில் ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். அவனை நிற்க வைத்ததும் நான்தான்!

நான் செய்த தவறு

1994-ம் வருடம். 7-ம் வகுப்புக்கு நான் கிளாஸ் டீச்சர். அந்தப் பையனுக்கு 12 வயது இருக்கும். எழுதினால் முத்து முத்தாக எழுதுவான். ஆனால், எழுந்து நின்று பாடத்தை வாசிக்கச் சொன்னால் வாயைத் திறக்க மாட்டான். தலையைக் குனிந்துகொண்டு நிற்பான். மற்ற பிள்ளைகள் சிரிக்கும். எனக்குக் கோபம் வரும். 'வாசிக்கிற வரைக்கும் வெளியே நில்லு' என்பேன்.

ஒருநாள் அவன் அம்மா பள்ளிக்கூட வாசலில் என்னைப் பார்த்தாள். ''டீச்சர், அவன் வேணும்னு செய்யல. அவனுக்கு வாய் திக்கும்'' என்றாள்.

''வீட்டுல பேசுதானா?'' என்று கேட்டேன்.

''பேசுதான் டீச்சர். தங்கச்சிகிட்ட நல்லாப் பேசுவான்.''

''அப்போ இங்க பேசுறதுக்கு என்ன? எல்லாம் திமிரு. நீங்க செல்லம் கொடுக்கீங்க!''

அவள் பதில் பேசவில்லை. கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அந்த ஐப்பசியில் கந்த சஷ்டி வந்தது. சஷ்டி ஆறு நாளும் திருச்செந்தூரில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பக்தர்கள் கோயிலிலேயே தங்கி விரதம் இருப்பார்கள். ஒரு சாயங்காலம் நானும் போயிருந்தேன். பிராகாரத்தில் நூற்றுக்கணக்கான பேர் உட்கார்ந்து கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தின் ஓரத்தில் அந்தத் தாய். பக்கத்தில் அவன்.

எல்லோரோடும் சேர்ந்து அவனும் கவசம் சொல்லிக்கொண்டிருந்தான். ஓர் இடத்தில்கூடத் தட்டவில்லை, தடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஆறு ஓடுவதுபோல் சொல்லிக்கொண்டே போனான். நான் அப்படியே நின்றுவிட்டேன். இவனா வாயைத் திறக்காதவன்?

இது அதிசயமா என்று கேட்பீர்கள். பிறகு டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். திக்குவாய் உள்ளவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பலரோடு சேர்ந்து சொல்லும்போதும், பாடும்போதும் திக்கல் வராது. வீட்டில் சரியாகப் பேசுகிறவர், நாலு பேர் முன்னால் தனியாக எழுந்து நின்றால் திணறலாம். அது திமிர் இல்லை. வளர்ப்பில் வந்த குறையும் இல்லை. அத்தனை வருட சர்வீஸில் இந்தச் சின்ன விஷயம்கூட அதுவரை எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

கவசம் முடிந்ததும் அந்தத் தாயின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ''என்னம்மா வேண்டுதல்? இவனுக்குப் பேச்சு சரியாகணும்னா?'' என்று கேட்டேன்.

''மொதல்ல அப்படித்தான் டீச்சர் வேண்டுனேன். மூணு வருசமா சஷ்டிக்கு வாரேன். இப்பம் அதைக் கேக்குறதில்ல'' என்றாள்.

''பின்னே?''

''அவன் பேசுறதுக்கு எந்திரிக்கையில ஒருத்தரும் சிரிக்கக் கூடாது முருகா... அம்புட்டுதான் கேக்கேன்.''

என்னைக் குறை சொல்ல வேண்டும் என்று அவள் அதைச் சொல்லவில்லை. முருகனிடம் சொன்னதை என்னிடமும் சொன்னாள். ஆனால், எனக்கு நெஞ்சில் அடித்தது போல இருந்தது. அந்த வேண்டுதலை நிறைவேற்ற, முருகன் மயில் மேல் ஏறி வர வேண்டியதே இல்லை. நான் திருந்தினால் போதும்! மூன்று வருடமாக அவள் ஏறி இறங்கும் சந்நிதியிலிருந்து அந்த விண்ணப்பம் என் கைக்குத்தான் வந்திருக்கிறது. நானோ, அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் வைத்திருந்தேன்.

சகோதரிகளே, இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். நம் பிள்ளைகளுக்காக நாம் சாமியிடம் கேட்பதில் பாதி, நம் கையாலேயே கொடுக்கக்கூடியது. சில சமயம், அது கிடைக்காமல் நடுவில் நிற்பவர்களும் நாமேதான்.

சாமிக்கு எது, நமக்கு எது?

இன்று சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு, உங்கள் வேண்டுதலைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்களேன்.

'பிள்ளைக்குப் பரீட்சை பயம் போக வேண்டும்' என்று கேட்கிறோம். சரி... அந்தப் பயம் எங்கிருந்து வந்தது? 'இந்தத் தடவை மார்க் குறைஞ்சா அப்பா முகத்துல எப்படி முழிப்பே?' என்று சொன்னது யார்?

'படிப்பில் கவனம் வேண்டும்' என்கிறோம். பிள்ளை படிக்கும் நேரத்தில் அடுத்த அறையில் சீரியல் சத்தம் குறைந்ததா? நம் கையிலிருக்கும் போனைக் கீழே வைத்தோமா?

'பெரியவர்களிடம் மரியாதை வேண்டும்' என்கிறோம். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவை நாம் எப்படிக் கூப்பிடுகிறோம் என்பதைப் பிள்ளை கேட்டுக்கொண்டுதானே இருக்கிறது!

இந்த மாதிரி நம் பங்கு வேண்டுதல்களைத் தனியே எடுத்து வைத்துவிட்டால், சாமிக்கு மிச்சமாவது கொஞ்சம்தான். நல்ல உடம்பு, ஆபத்தில்லாத வழி, நம் கைக்கு எட்டாத காரியங்கள். அவற்றை மனதாரக் கேட்போம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 'என் பிள்ளை நன்றாகப் படிக்க வேண்டும்' என்று கேட்பது ஒன்று. 'என் பிள்ளைதான் முதலாவதாக வர வேண்டும்' என்று கேட்பது வேறு. குமரகுருபரரின் பெற்றோர் கேட்டது தங்கள் பிள்ளைக்கு வாய் திறக்க வேண்டும் என்பதை மட்டும்தான். அதில் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு நஷ்டம் எதுவும் இல்லை. ஆனால் முதல் ரேங்க் என்பது ஒன்றே ஒன்று! அதைக் கேட்கும்போது, நமக்குப் பின்னால் அதே வரிசையில், அதே மாதிரி தட்டோடு, அதே மாதிரி கண்ணீரோடு நிற்கும் இன்னொரு தாயின் பிள்ளை தோற்க வேண்டும் என்றும் சேர்த்தே கேட்கிறோம். சூரனையே அழித்துவிடாமல் மயிலும் சேவலுமாக ஏற்றுக்கொண்டவன் நம் முருகன். அவனிடம் போய் இதைக் கேட்கலாமா?

பொதுத்தேர்வுகளில் மாநில ரேங்க் அறிவிப்பதைத் தமிழக அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. நாம்தான் நிறுத்தவில்லை. அபார்ட்மென்ட் லிஃப்டிலும் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பிலும் ரேங்க் லிஸ்ட் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது!

கேட்டும் கிடைக்காவிட்டால்?

இங்கே ஒரு சகோதரி என்னைக் கேட்கலாம்... 'டீச்சர், நானும் விரதம் இருந்தேன். அங்கப்பிரதட்சணம் செய்தேன். என் பிள்ளைக்கு இன்னும் பேச்சு வரவில்லையே. என் பக்தியில் குறையா?'

இல்லையம்மா, இல்லவே இல்லை! குமரகுருபரர் கதையைச் சொல்லி உங்கள் மனதை யாராவது புண்படுத்தினால், அவர்களுக்கு அந்தக் கதை புரியவில்லை என்று அர்த்தம். அந்தப் பெற்றோர் 5 வருடம் பேசாத பிள்ளையைத் தோளிலிருந்து இறக்கிவிடவில்லை. கதையில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். பிள்ளை பாடியது முருகனின் கருணை. பாடுவதற்கு முன்பும் அவனைப் பிள்ளையாகவே கொண்டாடியது பெற்றவர்களின் பெருமை. செந்தூர்க் கடற்கரையில் இன்றும், வளர்ந்த பிள்ளையின் கையைப் பிடித்து அலையில் நிறுத்தி, தலையில் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டும் தாய்மார்களைப் பார்க்கிறேன். பேச்சு வராத பிள்ளை அலையைக் கண்டு சிரிக்கும், தாயும் சிரிப்பாள். அவளைவிடப் பெரிய பக்தை யார்?

கோயிலுக்குப் போவதோடு டாக்டரிடமும் போங்கள். 'நேரம் வந்தால் தானே பேசுவான்' என்று தள்ளிப்போடாதீர்கள். குழந்தைக்குப் பேச்சு தாமதமானால், முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோமோ அவ்வளவு பலன். பேச்சுப் பயிற்சிகள் இருக்கின்றன. எழுத்துகள் தடுமாறும் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாட்டை, 2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே அங்கீகரித்திருக்கிறது. பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகும்படி நடத்துவதையும், 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம் பள்ளிகளில் தடை செய்திருக்கிறது. நான் அந்தப் பையனை வராந்தாவில் நிற்க வைத்த காலத்தில் அப்படி ஒரு சட்டம் இல்லை. ஆனால், மனசாட்சி இருந்ததே!

கேள்வி கேட்ட பெரியவர்

நம்மாழ்வார் எப்படி வாய் திறந்தார் தெரியுமா? பக்கத்துத் திருக்கோளூரைச் சேர்ந்த மதுரகவி என்ற பெரியவர் வடதேச யாத்திரை போயிருந்தார். தெற்கே தெரிந்த ஒரு ஜோதியைப் பின்தொடர்ந்து திருக்குருகூர் வந்து சேர்ந்தார். மௌனமாக அமர்ந்திருந்த பிள்ளையிடம் உடம்பையும் உயிரையும் பற்றி ஒரு கேள்வி கேட்டார். 16 வருடம் பேசாதவர் பதில் சொன்னார். வயதில் பெரியவரான மதுரகவி, அந்தப் பிள்ளையையே குருவாக ஏற்றுக்கொண்டார்!

செந்தூரில் முருகன் பூவைக் காட்டிக் கேட்டது ஒரு கேள்வி. குருகூரில் மதுரகவி கேட்டதும் ஒரு கேள்வி. இரண்டு பிள்ளைகளுமே, 'பேசு, பேசு' என்று அதட்டியதால் பேசவில்லை. பதிலைக் கேட்பதற்கென்று ஒருவர் எதிரில் வந்து நின்றபோது பேசினார்கள்.

பள்ளி விட்டு வரும் பிள்ளையிடம் நாம் என்ன கேட்கிறோம்? 'எவ்வளவு மார்க்?' 'ஹோம்வொர்க் முடிச்சாச்சா?' 'டிபன் சாப்பிட்டியா?' எல்லாமே ஒரே வார்த்தையில் முடியும் கேள்விகள். பிறகு, 'என் பையன் என்னிடம் பேசவே மாட்டேங்கிறான்' என்று வருத்தப்படுகிறோம்.

சென்னையில் இருக்கும் என் மகளும் போன மார்ச்சில் போனில் இப்படித்தான் சொன்னாள். ''அம்மா, உன் பேரன் பிளஸ் டூ எழுதுறான். முருகனுக்கு ஒரு வேண்டுதல் வெச்சிடு. ரூமை விட்டு வெளியிலேயே வர மாட்டேங்கிறான்'' என்றாள்.

''வெச்சிடுதேன். நீ ஒரு வேலை செய். இன்னிக்கு ராத்திரி மார்க்கைப் பத்தி இல்லாம, வேற ஏதாவது அவன்கிட்ட கேளு. கேட்டுட்டு சும்மா இரு'' என்றேன்.

மறுநாள் அவளே கூப்பிட்டாள். மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனபோது, 'உனக்கு எதைக் கண்டாடா பயம்?' என்று கேட்டாளாம். அவன் பேசி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்றாம். என்ன சொன்னான் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தப் பையன் என்ன ஆனான்?

சஷ்டி முடிந்து பள்ளி திறந்ததும், வகுப்பு முழுவதையும் சேர்ந்து வாசிக்கச் சொன்னேன். பிறகு பெஞ்ச் பெஞ்சாக. பிறகு இரண்டு இரண்டு பேராக. தை மாதத்தில் ஒருநாள் அவன் தனியாக எழுந்து இரண்டு வரி வாசித்தான். நிறைய நேரம் ஆயிற்று. யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க விடவில்லை. ஆனால் அவனிடம் மன்னிப்பு கேட்க மட்டும் எனக்கு வாய் வரவில்லை. டீச்சர் அல்லவா!

2010-ல் கல்யாணப் பத்திரிகையோடு வீட்டுக்கு வந்தான். திக்கல் முழுதாகப் போகவில்லை. பெண்ணின் பெயரைச் சொல்லவே சிரமப்பட்டான். நான் எடுத்துக் கொடுக்காமல் காத்திருந்தேன். அவன் சொல்லி முடித்த பிறகு, ''உன்னை நான் வெளியில நிக்க வெச்சிருக்கக் கூடாதுப்பா'' என்றேன். 16 வருடம் கழித்து!

அவன் சிரித்தான். பிறகு, நிறுத்தி நிறுத்தி ஒரு வாக்கியம் சொன்னான். ''பொறவு நீங்க காத்திருந்து கேட்டீங்கள்லா, டீச்சர்.''

அவன் அம்மாவின் வேண்டுதல் நிறைவேறியதா, இல்லையா? நீங்களே சொல்லுங்கள்.

அடுத்த முறை செந்தூருக்கு வரும்போது கடலில் நீராடிவிட்டு, நாழிக்கிணற்றுக்கும் வாருங்கள். இத்தனை பெரிய உப்புக் கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீரை ஒளித்து வைத்திருக்கிறான் நம் சுப்பிரமணியன். உங்கள் பிள்ளைக்குள்ளும் வைத்திருப்பான். சந்நிதியில் கண்ணை மூடி, 'முருகா, இவனுக்கு இதைக் கொடு' என்று கேளுங்கள். கூடவே, 'இதில் நான் செய்ய வேண்டியது எது, அதையும் காட்டு' என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!